சட்டை போட்ட பழமும், வாடிப்போன செடியும்

சின்ன வயதில் நாம் எல்லோரும் விளையாடிய விளையாட்டுதான். வேலியோரம் முளைத்திருக்கும் சொடக்குத் தக்காளியின் காயைப் பறிப்போம். காற்றடைத்த பலூன் மாதிரி இருக்கும் அதன் பச்சை உறையோடு, பக்கத்தில் நிற்பவளின் நெற்றியில் 'டப்'பென்று ஒரு போடு! அவள் திரும்பி அடிப்பதற்குள் ஓட்டம். உள்ளே இருக்கும் குட்டிப் பழத்தை அம்மாவுக்குத் தெரியாமல் வாயில் போட்டுக் கொண்டதும் உண்டு.

அந்தச் சொடக்குத் தக்காளிக்கு மலை நாட்டில் வசதியான ஒரு அக்கா இருக்கிறாள். பழம் கோலிக்குண்டு அளவு, நிறம் தங்கம், மேலே காய்ந்த சருகு போல ஒரு மெல்லிய சட்டை. கேப் கூஸ்பெர்ரி என்று பெயர். வடக்கே 'ரஸ்பரி' என்று கூவி விற்கிறார்கள். பெரிய கடைகளில் 'கோல்டன் பெர்ரி' என்று கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். பெயரில் கூஸ்பெர்ரி இருப்பதால் நெல்லிக்காய்க்கு உறவு என்று நினைத்துவிடாதீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம்தான் இதுவும்.

சென்ற கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக் கொண்டு குன்னூரில் இருக்கும் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் தோசைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் ஜாம் வைத்தாள். இனிப்பும் புளிப்பும் கலந்து, அன்னாசிப்பழ வாசனை லேசாக அடித்தது. குழந்தைகள் தோசையை விட்டுவிட்டு ஜாமை மட்டும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

"இது என்னக்கா, கடையில வாங்கினதா?"

"கடையாவது! நம்ம கொல்லைப்புறத்துல விளைஞ்சதுடி. போன வருஷம் கூடை கூடையா வந்துது. இந்த வருஷம் வந்து பாரு, அழுகையா வருது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பத்துச் செடிகள் இருந்த பாத்தியில் ஏழு செடிகள் தலை தொங்கி நின்றன. ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகி, மறு பக்கம் பச்சையாக இருந்த செடியும் இருந்தது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. தண்ணீருக்கும் குறைவில்லை. அக்கா ஒரு செடியைப் பிடுங்கி, தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறிக் காட்டினாள். உள்ளே பழுப்பு நிறக் கோடு ஓடியது.

"போன வருஷம் ரொம்ப இனிப்பா இருந்த பழமாப் பார்த்து, அந்த ஒரே செடியிலேர்ந்துதான் விதை எடுத்து வச்சேன். அதே பாத்தியிலதான் போட்டேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

அக்கா கேட்ட கேள்வி எனக்குள் குடைந்து கொண்டே இருந்தது. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். அக்காவின் கொல்லைப்புறத்தில் நடந்தது எந்த நோய் என்று பரிசோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் இதே மாதிரி வாட்டம் உலகின் மறு கோடியில், தென் அமெரிக்காவில், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பையே ஆட்டி வைத்திருக்கிறது. அங்கே செடி நிபுணர்கள் கேட்பதும் ஏறக்குறைய அக்காவின் கேள்வியைத்தான்!

பிறந்த வீடு

இந்தப் பழத்தின் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். பெரு, ஈக்வடார், கொலம்பியா நாடுகளின் மலைச் சரிவுகளில் தானாகவே முளைத்துக் கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில், அதாவது 'கேப்'பில், இதைப் பயிரிட்டு வந்தார்கள். பெயரில் உள்ள 'கேப்' அங்கிருந்துதான் ஒட்டிக் கொண்டது என்பார்கள். வெள்ளைக்காரர்கள் போன குளிர்ப் பிரதேசங்களுக்கெல்லாம் செடியும் கூடப் போயிற்று. நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் தானே முளைத்து நிற்பது அப்படி வந்த பரம்பரைதான்.

கொலம்பியாவில் இதற்கு 'உச்சுவா' என்று பெயர். வெகு காலம் அங்கேயும் வேலியோரச் செடிதான். 1980-களில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி தொடங்கியதும் நிலைமை மாறியது. இன்று இந்தப் பழத்தை வெளிநாடுகளுக்கு அதிகமாக அனுப்பும் நாடு கொலம்பியாதான். கடல் மட்டத்திலிருந்து 1,800 முதல் 2,800 மீட்டர் உயரமுள்ள மலைகளில், பெரும்பாலும் சிறு விவசாயிகள், கம்பி கட்டிச் செடியைப் படரவிட்டு வளர்க்கிறார்கள். நம் ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் என்பதை நினைத்துக் கொண்டால் அந்தக் குளிர் புரியும்.

சட்டைக்குள் என்ன ரகசியம்?

பழத்தைச் சுற்றியிருக்கும் அந்த உறை வெறும் அலங்காரம் இல்லை. பூவின் அடியில் இருக்கும் புல்லி இதழ்கள்தான் பெரிதாக வளர்ந்து பழத்தைப் போர்த்துகின்றன. காய் வளரும் முதல் சில வாரங்களில், பச்சையாக இருக்கும் அந்த உறை தானே மாவுச்சத்தும் சர்க்கரையும் தயாரித்து உள்ளே அனுப்புகிறது. கைக்குழந்தைக்குத் தாய் ஊட்டுகிற மாதிரி! பழுக்கப் பழுக்க அது காய்ந்து காகிதம் போல் ஆகி, பூச்சி, வெயில், மழை எல்லாவற்றிலிருந்தும் பழத்தைக் காக்கிறது. உறையோடு வைத்தால் பழம் ஒரு மாதம் வரைகூடத் தாங்கும். உறையை உரித்து வெளியே வைத்தால் நாலைந்து நாளில் கெட்டுப் போகும்.

ஆகவே வாங்குகிறவர்கள் சட்டையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் கறுப்புப் புள்ளியோ பூசணமோ இருந்தால் வேண்டாம். அடுத்து நிறம், எடை, இனிப்பு. கடைசியாக, கொலம்பிய விவசாயி மிகவும் பயப்படும் விஷயம்: வெடிப்பு. மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால், பழத்தின் சதை வேகமாகப் பெருத்துத் தோல் தாங்காமல் கீறிக் கொள்கிறது. மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் போரான் சத்தும் குறைந்தால் வெடிப்பு இன்னும் அதிகம். வெடித்த பழம் கப்பல் ஏறாது. உள்ளூர்ச் சந்தைக்கோ ஜாம் காய்ச்சுகிறவருக்கோ கிடைத்த விலைக்குப் போக வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் பெயர் பெற்ற ரகங்களில் 'கொலம்பியா', 'கென்யா', 'தென் ஆப்பிரிக்கா' என்று மூன்று உண்டு. கென்யா ரகமும் தென் ஆப்பிரிக்கா ரகமும் பெரிய பழம் காய்ப்பவை. கொலம்பியா ரகத்தின் பழம் சிறியது, சுமார் 5 கிராம்தான். ஆனால் இனிப்பிலும் நிறத்திலும் அதுதான் முந்துகிறது. பெரிய பழம் வேண்டுமென்றால் இனிப்பில் கொஞ்சம் விட்டுக் கொடுக்க வேண்டும். இனிப்பு வேண்டுமென்றால் அளவில் விட்டுக் கொடுக்க வேண்டும். எல்லா நல்ல குணமும் ஒரே இடத்தில் அமைவது மனிதர்களிலேயே அபூர்வம். செடியை மட்டும் குறை சொல்வானேன்?

மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

இனிப்பும் நிறமும் இருந்து என்ன பயன், செடியே நிற்காவிட்டால்? கொலம்பியாவில் உச்சுவாவை வாட்டும் எதிரியின் பெயர் ஃபியூசேரியம். மண்ணில் வாழும் பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் மேலே ஏறும் குழாய்களில் குடியேறுகிறது. கொஞ்ச நாளில் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. வீட்டுக் குழாயில் பாசி அடைத்தால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். மண்ணில் ஈரம் இருக்கும். இலைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் தண்ணீர் விட விடச் செடி வாடுகிறது.

மருந்து அடித்தால் போகாதா என்று கேட்பீர்கள். நோய் இருப்பது தண்டின் உள்ளே. இலை மேல் தெளிப்பது அங்கே எட்டாது. செடி செத்த பிறகும் பூஞ்சை சாவதில்லை. கெட்டித் தோல் போர்த்திய வித்துகளாக மாறி மண்ணிலேயே வருஷக் கணக்கில் தூங்கும். அடுத்த செடியின் வேர் பக்கத்தில் வந்ததும் விழித்துக் கொள்ளும். ஒரு நிலத்தில் இது புகுந்துவிட்டால் அந்த நிலத்தில் அந்தப் பயிருக்கு இடமில்லை என்று அர்த்தம். தலைநகர் பொகோட்டாவைச் சுற்றியுள்ள குண்டினமார்க்கா பகுதியில் பல விவசாயிகள் இப்படித்தான் இந்தப் பயிரைக் கைவிட நேர்ந்தது. பயிர் வடக்கே போயாக்கா பகுதிக்கு நகர்ந்தது. ஆனால் நாற்றோடும், கடப்பாரையில் ஒட்டிய மண்ணோடும், செருப்போடும் பூஞ்சையும் நகரும். பயிர் ஓட ஓட, நோய் துரத்திக் கொண்டே வருகிறது.

நட்டு ஏழெட்டு மாதம் காத்திருந்து, பறிக்கப் போகும் சமயத்தில் செடி சாய்ந்தால் அந்த வீட்டில் என்ன பாடுபடுவார்கள்? கம்பிக்கும் கம்பத்துக்கும் வாங்கிய கடன், பள்ளிக்கூடச் சம்பளம், சமையலறைச் செலவு எல்லாமே அந்தச் செடியில்தான் தொங்கிக் கொண்டிருக்கும். அடுப்படியில் நின்று கணக்குப் பார்க்கும் நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பொருத்தம் பார்க்கும் வேலை

சரி, வழி என்ன? செடிகளுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் வழி. காட்டிலும் வேலியிலும் கிடக்கும் உச்சுவாச் செடிகளில் சில இந்தப் பூஞ்சைக்கு அசைந்து கொடுப்பதில்லை. ஆனால் வீரியம் இருக்கும் செடியில் பழம் நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. சந்தை விரும்பும் பழம் தரும் செடியோ நோய்க்குச் சட்டென்று இடம் கொடுத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் தேவலை அல்லவா?

சேர்த்து வைப்பது கைவேலைதான். மலரப் போகும் மொட்டை மெல்லத் திறந்து, மகரந்தப் பைகளைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிடுகிறார்கள். மறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, தேனீ வராமல் உறை மாட்டுகிறார்கள். காய் முற்றியதும் விதையை எடுத்து விதைக்கிறார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பிள்ளைக்கு அப்பாவின் அறிவும் அம்மாவின் அழகும் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்பாவின் கோபமும் அம்மாவின் சளித் தொல்லையும் சேர்ந்து வந்து நிற்பது இல்லையா? அதுபோல நூற்றுக்கணக்கான நாற்றுகளில் இனிப்பு ஒன்றில், வீரியம் ஒன்றில், இரண்டும் இல்லாமல் பல என்று சிதறிப் போகும்.

அதனால் இரண்டு பரீட்சை வைக்கிறார்கள். முதல் பரீட்சை கடுமையானது. நாற்றின் வேரைக் கழுவி, பூஞ்சை வித்துகள் கலந்த தண்ணீரில் நனைத்து நடுவார்கள். வாரக் கணக்கில் காத்திருந்து, எது சாய்கிறது, எது நிற்கிறது என்று குறித்துக் கொள்வார்கள். அடுத்த பரீட்சை பழத்துக்கு. எடை எத்தனை கிராம், சாற்றில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை பழம் வெடித்தது, உறை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இரண்டிலும் தேறுவதைத்தான் மறுபடி நல்ல பழம் தரும் செடியோடு சேர்ப்பார்கள். இப்படிப் பல தலைமுறை ஆகும்.

'விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா' என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். இந்தச் செடியில் கொஞ்சம் முளைக்கத்தான் செய்யும்! தன் பூவின் மகரந்தத்திலேயே காய்க்கக் கூடியதுதான் என்றாலும், தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் கொண்டு வந்து சேர்த்துவிடும். தாயின் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும் என்ற நிச்சயம் கிடையாது. இதற்குக் கொலம்பிய விஞ்ஞானிகள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். மகரந்தத்தில் பரம்பரைச் சொத்தில் பாதிதான் இருக்கும். அந்த மகரந்தப் பையைக் கண்ணாடிக் குடுவையில், சத்து நீர் கலந்த ஊடகத்தில் வளர்த்து, பாதிச் சொத்தோடு ஒரு செடியை உண்டாக்கினார்கள். பிறகு கோல்ச்சிசின் என்ற மருந்தால் அந்தப் பாதியை இரட்டிக்க வைத்தார்கள். இரண்டு பாதியும் ஒன்றே என்பதால் அதன் விதையில் முளைப்பவை ஏறக்குறைய அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்கும். இந்தக் கோல்ச்சிசின் வேறெங்கோ இருக்கும் அதிசயமில்லை. நம் கார்த்திகைப் பூ, செங்காந்தள் என்கிறோமே, அதன் கண்வலிக் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சுதான் அது.

இந்த முறையில் உருவான ஆண்டினா, டொராடா என்ற இரண்டு ரகங்களைக் கொலம்பியாவின் கோர்ப்போய்க்கா என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2010-களில் விவசாயிகளுக்கு வெளியிட்டது. 2018-இல் இந்த நிறுவனம் அக்ரோசாவியா என்று பெயர் மாறியது. 'டொராடா' என்றால் ஸ்பானிய மொழியில் 'தங்க நிறத்தாள்'. அதற்கு முன் விவசாயிகள் தங்கள் பழத்திலிருந்தோ, பக்கத்து வீட்டாரிடமிருந்தோதான் விதை எடுத்துக் கொண்டிருந்தார்கள், நம் அக்காவைப் போல.

பூஞ்சையை எதிர்க்கும் குணம் எந்தப் பரம்பரைக் கூற்றில் இருக்கிறது என்றும் தேடுகிறார்கள். சுமார் நூறு செடி வகைகளை வைத்துக் கொண்டு, வாடாமல் நிற்பவற்றுக்கும் சாய்பவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்த ஓர் ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. அடையாளம் உறுதியாகக் கிடைத்துவிட்டால், நாற்றின் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தே இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் இன்னொரு கூட்டத்தார் செடியின் மரபணுவில் சின்னத் திருத்தம் செய்து, பரந்து படரும் செடியைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். இடமும் கம்பியும் மிச்சம்.

ஆனால் ஜெயித்தாயிற்று என்று யாரும் கை தட்டவில்லை. ஏன் என்பதற்குத் தக்காளியின் கதையே சாட்சி. தக்காளிக்கும் ஃபியூசேரியம் வாட்டம் உண்டு. குட்டிப் பழம் காய்க்கும் ஒரு காட்டுத் தக்காளியிலிருந்து எதிர்ப்புக் குணத்தை எடுத்து, 1940-களில் நல்ல ரகங்களில் சேர்த்தார்கள். விவசாயிகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 1945-இலேயே அந்தக் காவலையும் தாண்டும் புதிய பூஞ்சை அமெரிக்காவில் தலைகாட்டிவிட்டது. அதற்கும் எதிர்ப்பைத் தேடிச் சேர்த்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் மூன்றாவது வந்தது. பூட்டை மாற்ற மாற்றத் திருடனும் சாவியை மாற்றுகிறான். ஒரே ஒரு செடியின் விதையை ஊரெல்லாம் விதைத்தால் ஒரே சாவியில் எல்லா வீடும் திறந்துவிடும். வேலியோரத்துப் புளிப்புச் செடியையும் அழியவிடாமல் காப்பாற்றி வைப்பது இதற்காகத்தான். நாளைக்குத் தேவைப்படும் பூட்டு அதனிடம் இருக்கலாம்.

வீட்டுத் தோட்டத்துக்குச் சில யோசனைகள்

குளிர்ச்சியான ஊர்களில் இருப்பவர்கள் இதைத் தாராளமாக வளர்க்கலாம். தக்காளி, கத்தரி வளர்ப்பவர்களுக்கும் இந்த யோசனைகள் பொருந்தும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இருந்த பாத்தியில் உடனே இதை வைக்காதீர்கள். நடுவே கீரை, பீன்ஸ், வெங்காயம் என்று வேறு குடும்பத்துக்கு இடம் கொடுங்கள். தொட்டி என்றால் மண்ணையே மாற்றிவிடுங்கள்.

விதைக்குப் பழத்தை மட்டும் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். கடைசிவரை வாடாமல் நின்று, வெடிக்காத பழமாகக் காய்த்த நாலைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விதை எடுங்கள்.

வாடிய செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போடாதீர்கள். கத்தி, மண்வெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாகக் கொட்டாதீர்கள். அளவாக, ஒரே சீராகத் தண்ணீர் விட்டால் வெடிப்பு குறையும்.

கடையில் வாங்கும்போது உறை வைக்கோல் நிறத்தில் உலர்ந்திருக்கிறதா, பழம் நல்ல பொன்னிறமா என்று பாருங்கள். பச்சைக் காயும் உறையும் சாப்பிட ஏற்றவை அல்ல. பழத்தின் மேல் பிசுபிசுப்பு இருக்கும், கழுவினால் போய்விடும். கண்ணுக்கு நல்லது செய்யும் பீட்டா கரோட்டினும், வைட்டமின் சி-யும் இதில் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பழமாகக் கொடுக்காதீர்கள். உருண்டையாக இருப்பதால் தொண்டையில் சிக்கிக் கொள்ளும். நாலாக நறுக்கிக் கொடுங்கள்.

ஜாமுக்கு: ஒரு கிலோ பழத்தை உறை நீக்கிக் கழுவி, லேசாக மசித்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்துக் கிளறுங்கள். தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இறக்கும் முன் ஓர் எலுமிச்சம்பழச் சாறு. இந்தப் பழத்திலேயே ஜாமை இறுக வைக்கும் பெக்டின் சத்து இருப்பதால் வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.

படித்ததையெல்லாம் அக்காவுக்குப் போனில் சொன்னேன். "அப்போ தப்பு என் மேலதானா?" என்றாள். "பாதிதான்க்கா. மீதிப் பாதி மண்ணுது" என்றேன்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பத்தில் மிஞ்சிய மூன்று செடிகளின் விதையாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'பழம் கொஞ்சம் புளிப்புதான். ஆனா மழை முடிஞ்சும் செடி நிக்குது. பாத்தியை மாத்திட்டேன். வேலியில இனிப்பா காய்க்கிற செடி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், பக்கத்திலேயே வச்சிருக்கேன். மீதியைத் தேனீ பார்த்துக்கட்டும்.'